சேக்கிழார் (குன்றத்தூர்ச் சேக்கிழார் குடி)

சேக்கிழார், கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் முதலமைச்சராக இருந்தவர். பெரியபுராணம் என வழங்கும் திருத்தொண்டர் புராணத்தின் ஆசிரியர். இயற்பெயர் அருண்மொழித்தேவர். உத்தமசோழப் பல்லவராயன் என்பது அரசன் அளித்த பட்டம். சேக்கிழார் என்பது குடிப்பெயர். பல்லாவரத்துக்கு மேற்கே, பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் செல்லும் சாலையில் உள்ள குன்றத்தூர் இவர் பிறந்த ஊர். இவருடைய தம்பி பாலறாவாயரும் அரசுப் பணியில் உயர்ந்து தொண்டைமான் என்ற பட்டம் பெற்றார். சோழ அரசைத் தாங்கி நின்ற தொண்டைமண்டல வேளாண் பெருங்குடிகளில், அதிகாரத்தாலும் தமிழாலும் ஒருசேர நிலைத்த குடி இது.

நாடும் கோட்டமும்

பாலாற்றுப் படுகையை நடுவாகக் கொண்டு வடக்கே வேங்கடம் வரை பரந்த தொண்டை நாடு, 24 கோட்டங்களாகவும் 79 நாடுகளாகவும் பகுக்கப்பட்டிருந்தது என்பது மரபு. சோழர் கைக்கு வந்தபின் முதலாம் இராசராசன் காலத்தில் இது சயங்கொண்ட சோழ மண்டலம் எனப் பெயர் மாறியது. மண்டலத்தின் பெயர் மாறினாலும் கோட்டம், நாடு, ஊர் என்ற பழைய அடுக்கு மாறவில்லை. ஒருவரைக் கல்வெட்டில் குறிக்கும்போது மண்டலம், கோட்டம், நாடு, ஊர், குடி, தந்தை பெயர், தன் பெயர், பட்டம் என்ற வரிசையில் எழுதுவது வழக்கம். அக்காலக் குடும்பங்களை இன்று அடையாளம் காண உதவுவது இந்த வரிசையே.

குன்றத்தூர், புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர் நாட்டின் தலைமை ஊர். கோட்டத்துக்குப் பெயர் தந்த புலியூர், இன்றைய கோடம்பாக்கத்தை ஒட்டியது. இன்றைய தென்சென்னையின் பெரும்பகுதி இக்கோட்டத்தில் அடங்கும். விமான நிலையத்துக்கு எதிரே மலைகளுக்கு நடுவில் உள்ள திருசூலம், கல்வெட்டுகளில் சுரத்தூர் நாட்டுத் திருச்சுரம் எனப்படுகிறது. கடலோரத் திருவான்மியூர் கோட்டூர் நாட்டில் இருந்தது. முதலாம் குலோத்துங்கன் காலம் முதல் இக்கோட்டம் குலோத்துங்கசோழ வளநாடு என்ற மறுபெயரும் பெற்றது. தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள மணிமங்கலமும் சோமங்கலமும் செங்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்தவை. தெற்கே மாமல்லபுரம் வரை ஆமூர்க் கோட்டம். ஏரிப் பாசனத்தை நம்பிய நிலம் இது. ஏரியையும் மதகையும் வரியையும் கணக்கையும் ஆண்டுக்கு ஆண்டு கட்டிக்காத்த வேளாண் குடிகளிடமிருந்தே சோழர்கள் தம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தனர்.

குடியும் பட்டமும்

கரிகாலன் தொண்டை நாட்டில் 48,000 வேளாண் குடிகளைக் குடியேற்றினான் என்றும், அவர்களுள் சிறந்த குடிகளுள் ஒன்று சேக்கிழார் குடி என்றும் அவர் வரலாற்றைப் பாடும் சேக்கிழார் புராணம் கூறும். எண்ணிக்கை மரபு சார்ந்தது. ஆனால், சேக்கிழான் என்ற குடிப்பெயர் சோழர் காலக் கல்வெட்டுகளில் பலருக்கு வருவதால், புலவர் ஒருவருக்கு மட்டும் உரிய பெயரன்று இது என்பது தெளிவு.

இக்குடிகளின் தலைவர்களுக்குச் சோழ மன்னர்கள் அளித்த பட்டங்கள் தனித்து ஆராயத்தக்கவை. முதலாம் இராசராசன் காலத்தில் மூவேந்த வேளான் என்ற பட்டம் மிகுதியாக வழங்கியது. அந்தணர்க்குப் பிரமராயன் என்பது உரியது. 11ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் பல்லவராயன், தொண்டைமான், களப்பாளராயன், காடவராயன், விழுப்பரையன் ஆகியவை பெருகின. சோழர் வென்ற பழைய அரசகுலங்களின் பெயர்களே இவற்றுட் சில. அப்பெயருக்கு முன் ஆளும் அரசனின் பெயரோ முன்னோர் பெயரோ சேர்வதுண்டு. உத்தமசோழப் பல்லவராயன் என்ற பட்டம் அவ்வாறு அமைந்தது.

தொண்டைமண்டலத்திலிருந்து இவ்வகையில் உயர்ந்தோர் பலர். மணவிலைச் சேர்ந்த அரும்பாக்கிழான் கூத்தன், நரலோகவீரன் என்ற பெயருடன் முதலாம் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகியோரிடம் படைத்தலைவனாக இருந்து தில்லையில் (சிதம்பரத்தில்) பெருந்திருப்பணிகள் செய்தான். தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்ததும் அவனே. ஆமூர்க் கோட்டத்துக் காரிகைக் குளத்தூரைச் சேர்ந்த திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயன், இரண்டாம் இராசராசன் இறந்தபோது ஒன்றும் இரண்டும் வயதான அரசகுமாரர்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு சென்று, இரண்டாம் இராசாதிராசனை அரியணை ஏற்றியவன். பெருமானம்பி இறந்தபின் அவன் குடும்பத்தாருக்கு இறையிலியாக நிலம் விடப்பட்டதை மயிலாடுதுறைப் பகுதியிலுள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. அமைச்சர் ஒருவரின் வாழ்வும் சுற்றமும் இவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அரிது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நார்மானியப் பிரபுக்கள் ஊர்ப்பெயரைக் குடும்பப் பெயராகத் தாங்கி, மன்னனுக்குப் படைவீரர்களைத் தரும் கடப்பாட்டுடன் நிலம் பெற்று வாழ்ந்தனர். முதலாம் வில்லியம் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்த 1086ஆம் ஆண்டிலேயே முதலாம் குலோத்துங்கனும் நிலம் அளப்பித்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் விரும்பிச் சுட்டும் ஒப்புமை. ஆயினும் நார்மானியப் பிரபுவின் வலிமை கோட்டையிலும் வாரிசுரிமையிலும் இருந்தது. சோழப் பல்லவராயனின் வலிமை அரசன் அளித்த பட்டத்திலும், சொந்த ஊரில் குடிக்கு இருந்த காணியிலும் இருந்தது. பட்டம் ஒருவரோடு முடியும். காணி தலைமுறை தாண்டும்.

காலம்

பெரியபுராணம் தன் காலத்து அரசனை அநபாயன் எனப் பல இடங்களில் போற்றுகிறது. தில்லைப் பேரம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்றும் குறிக்கிறது. இவ்விரண்டும் இரண்டாம் குலோத்துங்கனுக்கே (1133–1150) பொருந்தும். அநபாயனை வேறு குலோத்துங்கர்களாகக் கொண்டோரும் உண்டு. இரண்டாம் இராசராசன் கட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்ப வரிசையாகப் பெயர்ப் பொறிப்புடன் செதுக்கப்பட்டிருப்பதால், அதற்கு முன்பே நூல் பரவியிருந்தது எனலாம். எனவே இவர் வாழ்ந்தது 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி.

வாழ்க்கை

வாழ்க்கைக்கு முதன்மையான ஆதாரம், தில்லை உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் சேக்கிழார் புராணம். உமாபதியார் சைவ சந்தானாசாரியர் நால்வருள் ஒருவர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்தவர். சேக்கிழாருக்கும் இந்நூலுக்கும் இடையே ஏறத்தாழ 150 ஆண்டு இடைவெளி உண்டு.

மலையினும், உலகினும், கடலினும் பெரியது எது என்ற சோழனின் மூன்று வினாக்களுக்கு இளம் அருண்மொழி மூன்று திருக்குறள்களால் விடையளித்தார் என்பது மக்களிடையே வழங்கும் கதை. அடக்கமும், காலத்தில் செய்த நன்றியும், பயன் கருதாத உதவியும் அவ்விடைகள். இது நடந்ததோ இல்லையோ, கல்வி வழியாக அவைக்குள் நுழைந்தவர் என்று அவரை நாடு நினைவில் வைத்திருந்ததை இக்கதை காட்டுகிறது.

அமைச்சரானபின், அரசன் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருப்பதைக் கண்டு, சிவனடியார் வரலாறுகளின்பால் அவனைத் திருப்பினார். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையும் நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியும் சுருக்கமாகச் சொன்னவற்றை விரித்துப் பாடுமாறு அரசன் வேண்ட, தில்லைக்குச் சென்று ஆயிரக்கால் மண்டபத்தில் இருந்து பாடினார். சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது. நூலையும் ஆசிரியரையும் யானைமீது ஏற்றி, அரசனே பின்னிருந்து கவரி வீச ஊர்வலம் நடந்ததாகச் சேக்கிழார் புராணம் கூறும். தொண்டர் சீர் பரவுவார் என்ற சிறப்புப் பெயர் அப்போது கிடைத்தது. அதன்பின் அவர் அமைச்சுப் பணியை விட்டுத் தில்லையிலேயே தங்கினார்.

தம்பி பாலறாவாயர்

அண்ணன் துறந்த பொறுப்பு தம்பிக்கு வந்தது. அரசன் பாலறாவாயருக்குத் தொண்டைமான் என்ற பட்டமளித்துத் தொண்டை நாட்டு ஆட்சியை ஒப்படைத்தான். குன்றத்தூரில் தம் பெயரால் இவர் வெட்டுவித்த குளம் பாலறாவாயன் குளம் எனப்படுகிறது. மூன்றாம் இராசராசன் காலத்தில், அதாவது 13ஆம் நூற்றாண்டில், பாலறாவாயன் என்ற பெயருடன் சேக்கிழார் குடியைச் சேர்ந்த களப்பாளராயன் ஒருவன் கல்வெட்டில் வருகிறான். காலம் ஒத்துவராததால் இவன் அமைச்சரின் தம்பியல்லன். முன்னோர் பெயரைத் தாங்கிய வழித்தோன்றல் ஆகலாம்.

கல்வெட்டுச் சான்று

திருமழபாடிக் கோயிலில் உள்ள இரண்டாம் இராசராசன் காலக் கல்வெட்டு, குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தமசோழப் பல்லவராயன் அளித்த விளக்குக் கொடையைக் கூறுகிறது. கோயிலில் நந்தா விளக்கெரிக்க ஆடுகளை விடுவது அக்கால முறை. 90 அல்லது 96 ஆடுகள் ஒரு விளக்குக்கு ஈடு. ஆட்டை ஏற்றவர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாமல் பேணப்பட வேண்டும் என்பதால் இவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றனர்.

ஊர், குடி, பட்டம், காலம் ஆகிய நான்கும் பொருந்துவதால் இவரே பெரியபுராண ஆசிரியர் என்று மா. இராசமாணிக்கனார் முதலிய ஆய்வாளர்கள் கொண்டனர். இராமதேவன் என்ற இயற்பெயர் அருண்மொழித்தேவர் என்பதோடு ஒத்துவராததைக் காட்டி மறுப்பாரும் உளர். புராணம் சொல்லும் பெயரைவிடக் கல்லில் உள்ள பட்டத்துக்கே எடை மிகுதி. இரண்டாம் குலோத்துங்கனுக்குப் பிறகும் இவர் வாழ்ந்தார் எனக் கொள்வதே தகும்.

நூல்

பெரியபுராணம் இரண்டு காண்டங்களும் 13 சருக்கங்களும் உடையது. தனியடியார் 63 பேர், தொகையடியார் ஒன்பது கூட்டத்தார் ஆகியோரின் வரலாறுகளைச் சொல்வது. சேக்கிழார் புராணம் குறிக்கும் பாடல் தொகை 4,253. இன்றைய பதிப்புகளில் 4,286. பன்னிரு திருமுறைகளில் பன்னிரண்டாவது.

நாட்டு நிர்வாகம் அறிந்தவரின் கண் நூலெங்கும் தெரிகிறது. ஊர்களுக்கிடையிலான வழி, குடிகளின் தொழில், கொடை முறை, ஓலை ஆவண வழக்கு ஆகியவற்றைத் துல்லியமாகச் சொல்கிறார். திருக்குறிப்புத் தொண்ட நாயனார் புராணத்தில் தொண்டை நாட்டையும் காஞ்சியையும் நெடிது வருணிக்கிறார். திருவேற்காட்டு மூர்க்கர், மயிலை வாயிலார், திருநின்றவூர்ப் பூசலார், திருவொற்றியூர்க் கலியர் ஆகியோர் குன்றத்தூரிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவிலுள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். தாம்பரத்துக்குத் தெற்கே சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த திருக்கச்சூரில், பசித்த சுந்தரருக்காக இறைவனே வீடுவீடாகச் சென்று சோறு இரந்த நிகழ்ச்சியையும் பாடியுள்ளார்.

திருப்பணி

சோழநாட்டில் கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தில் இவர் மிகுந்த பற்றுக் கொண்டிருந்தார். அதன் நினைவாகக் குன்றத்தூரில் அதே பெயரில் சிவன் கோயில் எழுப்பினார். வட திருநாகேச்சரம் என வழங்கும் இக்கோயில் இன்று இராகு தலமாகப் புகழ் பெற்றுள்ளது. சேக்கிழாருக்கு இங்கு தனிச் சந்நிதி உண்டு. ஊரில் அவர் பிறந்த இடமாகக் கருதப்படும் இடத்தில் தனிக்கோயிலும் உள்ளது. அமைச்சர் ஒருவர் தலைநகரில் ஈட்டியதைத் தம் ஊரில் கோயிலாகவும் குளமாகவும் நிறுத்துவது அக்கால மேன்மக்கள் வழக்கம். குன்றத்தூரில் அண்ணன் கோயில் கட்ட, தம்பி குளம் வெட்டினார்.

பிற்காலப் புகழ்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடினார். ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை உரைநடையாக்கி 1852இல் அச்சிட்டார். கோவை சி.கே. சுப்பிரமணிய முதலியார் ஏழு தொகுதிகளாகப் பேருரை வெளியிட்டார். திரு.வி.க.வும் குறிப்புரை எழுதினார்.

இன்றைய நிலை

குன்றத்தூர் 2021 முதல் நகராட்சி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. இங்கு சேக்கிழாருக்கு மணிமண்டபம் உண்டு. அவருடைய குருபூசை ஆண்டுதோறும் வைகாசிப் பூச நாளில் நடைபெறுகிறது.