கார் பேட்டரியும் நம்ம ஊர் மின்வெட்டும்



எலெக்ட்ரிக் கார் வாங்கினால் வீட்டுக்கு இன்வெர்ட்டரே வேண்டாமாமே, கரண்ட் போனால் காரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமாமே என்று உங்களில் சிலர் தனித்தனியாகக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். வாத்தியார் வேலை பார்த்தவருக்கு எதையும் வரலாற்றிலிருந்துதான் தொடங்க வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம ஊரில் மின்சாரம் வீட்டுக்கு வருமுன்னே வண்டிக்கு வந்துவிட்டது. 1895-இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். பிற்பாடு மயிலாப்பூர் வரைக்கும் தண்டவாளம் போட்டார்கள். மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் வைத்து வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்ததெல்லாம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். 1947-இல் அந்தக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. 1953-இல் டிராம் நின்றது. 1957 ஜூலை 1-ஆம் தேதி தமிழ்நாடு மின்சார வாரியம் பிறந்தது. இன்றைக்கும் நாம் ஈ.பி. என்றுதான் சொல்கிறோம்.

அன்றிலிருந்து கரண்ட் ஒரே திசையில்தான் வந்தது: மின்நிலையத்திலிருந்து வீட்டுக்கு. அது நின்றால் அவரவர் பாடு. என் சிறுவயதில் லாந்தரும் சிம்னி விளக்கும். அப்புறம் எமர்ஜென்சி லேம்ப். அதற்கும் அப்புறம், கூடத்து மூலையில் ஒரு இன்வெர்ட்டர், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பேட்டரி. கார் என்பது இந்த வரிசையில் அடுத்தது, அவ்வளவுதான். ஆனால் எந்தக் கரண்ட் கட்டுக்கு அது உதவும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் இருட்டு மூன்று வகை.

முதல் வகை, பற்றாக்குறை. 2008-லிருந்தே மின்வெட்டு தொடங்கிவிட்டது. 2012-இல் சென்னையில் தினமும் 2 மணி நேரம். கோவை, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து உறவினர்களிடம் இதைச் சொல்லிப் புலம்பினால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அதைப் போலப் பல மடங்கு. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் ஒரு கையில் விசிறியும் மறு கையில் புத்தகமுமாக உட்கார்ந்திருந்த காலம் அது. தி.நகர் கடைவீதியில் ஜெனரேட்டர் சத்தத்தில் பேசுவது காதில் விழாது.

இரண்டாவது வகை, காற்று. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல். அடையாறு பக்கம் மரங்கள் சாய்ந்து கிடந்ததை மறக்க முடியுமா? நகரத்தின் மையப் பகுதியில் பெரும்பாலும் பூமிக்கடியில் கேபிள் என்பதால் சீக்கிரம் சரியானது. கம்பத்தில் கம்பி போகும் புறநகரில் பல நாள் இருட்டு.

மூன்றாவது வகை, தண்ணீர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாறு ஊருக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. தண்ணீர் நின்றால் தெருவோரப் பில்லர் பாக்ஸில் கசிந்து உயிர்போகும் என்று ஈ.பி.யே கரண்டை நிறுத்திவிடும். அது சரியான முடிவுதான். ஆனால் தண்ணீர் வடியும் வரை கரண்ட் வராது.

இப்போது காருக்கு வருவோம். 2011 மார்ச் 11-இல் ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் வந்தன. பாதித்த ஊர்களில் பெட்ரோலுக்குப் பெரிய தட்டுப்பாடு. பல இடங்களில் பெட்ரோலுக்கு முன்னால் கரண்ட் திரும்பிவிட்டது. அதனால் எலெக்ட்ரிக் கார்களும் நிவாரண வேலைக்கு ஓடின. இத்தனை கரண்டைச் சுமந்துகொண்டு நிற்கும் வண்டியிலிருந்து ஒரு விளக்கு எரிக்க முடியாதா என்ற கேள்வி அங்கே எழுந்தது. 2012-இல் நிஸான் கம்பெனி தன் லீஃப் காரை வீட்டு மின்பலகையோடு இணைக்கும் கருவியை விற்கத் தொடங்கியது. 24 யூனிட் பேட்டரி, ஒரு சராசரி ஜப்பானிய வீட்டுக்கு இரண்டு நாள் வரும் என்றார்கள்.

அமெரிக்காவில் 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சாஸ் மாநிலத்தின் பல பகுதிகள் இருண்டு, குளிரில் பலர் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஃபோர்டு கம்பெனி எஃப்-150 லைட்னிங் என்ற எலெக்ட்ரிக் லாரியை அறிவித்தது. நாம் பிக்-அப் என்போமே, அந்த மாதிரி. வீட்டுக்கு 9.6 கிலோவாட் கொடுக்கும். அதற்கென்று தனிக் கருவியைச் சுவரில் பொருத்திக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 2023-இல் மாற்றங்களோடு வந்த டாடா நெக்ஸான் இ.வி., 2025-இல் வந்த, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் போன்ற கார்களில், அடாப்டர் மாட்டி வெளியே கரண்ட் எடுக்கும் வசதி இருக்கிறது. வீட்டு ஒயரிங்கோடு சேர்க்கும் ஏற்பாடு அல்ல இது. ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்கிறது, அவ்வளவே.

கணக்குப் போடுவோம், நோட்டை எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1.8 யூனிட். காரில் 45 யூனிட் என்றால் 25 இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்குச் சமம். இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016-இல் அரசு அறிவித்த 100 யூனிட்டில் ஏறக்குறையப் பாதி, வாசலில் நிற்கிறது. பிரிட்ஜுக்கு நாளைக்கு 1.5 யூனிட், இரண்டு ஃபேன் 12 மணி நேரம் ஓட 1.8, விளக்கும் போன் சார்ஜும் சேர்த்து அரை யூனிட். மொத்தம் 4 யூனிட்டுக்குள். ஆஸ்பத்திரிக்குப் போக 20 யூனிட்டை வண்டியில் வைத்துக்கொண்டாலும், வழியில் வீணாவது போக, ஐந்து நாள் ஓட்டலாம். ஆக்சிஜன் இயந்திரம் 350 வாட் என்றால் நாள் முழுக்க 8.4 யூனிட். அதை மட்டும் ஓட்டினால் இரண்டரை நாள். வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருப்பவர்களுக்கு இந்த இரண்டரை நாளின் அருமை தெரியும்.

லிப்ட் ஓடாது. அதற்குப் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் வேண்டும். போர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், கார் தாங்காமல் நிறுத்திவிடலாம். ஆக, தண்ணீரை முன்கூட்டியே மேல்தொட்டியில் ஏற்றி வையுங்கள்.

அடுத்தது உயிர் விஷயம். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைக் காரிலிருந்து வீட்டு சாக்கெட்டில் செருகாதீர்கள். அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் இரு திசையிலும் வேலை செய்யும். நம் 230 வோல்ட்டை 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும் லைன்மேன் நம்மால் செத்துப்போவார். புயல் மழையில் நமக்காக ஏறி நிற்கிற மனிதர் அவர். காரிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, பிரிட்ஜையும் ஃபேனையும் அதில் நேராக மாட்டுங்கள். வீட்டு ஒயரிங்கோடு சேர்க்கத்தான் வேண்டும் என்றால், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வேண்டும். கார் கம்பெனியும் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.

ஆக, பற்றாக்குறைக்குக் கார் உதவும். காற்றுக்கும் உதவும். தண்ணீருக்கு? 2015-இல் கார் பார்க்கிங்கில்தான் முதலில் வெள்ளம் புகுந்தது. 2023-இல் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனதை வீடியோவில் பார்த்தோம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் யோசியுங்கள்: 45 யூனிட் பாலத்தின் மேலே நிற்கும், வீட்டில் மெழுகுவத்தி எரியும். நம் ஊரில் மிக நீண்ட, மிக ஆபத்தான இருட்டு எதுவோ, அதற்குத்தான் கார் பக்கத்தில் இருக்காது.

ஆகவே என் பதில்: கார் இருந்தாலும் இன்வெர்ட்டரை விற்காதீர்கள். தரைத்தளத்தில் வைத்திருந்தால் மாடிக்கு மாற்றுங்கள். ஐப்பசி பிறக்குமுன் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். நம் கட்டிடத்தில் எந்த வீட்டில் ஆக்சிஜன், இன்சுலின் தேவைப்படும் பெரியவர்கள் இருக்கிறார்கள்? கார் வைத்திருப்பவர்களில் யார், எந்த மேட்டில் நிறுத்தி, அவர்களுக்குக் கரண்ட் கொடுக்கப்போகிறார்கள்? இந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் 45 யூனிட்டுக்குப் பயன்.

2012-லும் 2015-லும் உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே தனியாக இருக்கும் பெற்றோருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.