தொப்புட்கொடி கூறிய சாட்சி



சரித்திரம் எழுதுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆதாரமாகக் கொள்வது வழக்கம். தலைமயிரும் தொப்புட்கொடியும் ஆதாரமாய் நின்ற சரித்திரம் ஒன்றும் உண்டு. யப்பான் நாட்டின் கியூசுத் தீவிலுள்ள மினமாட்டா என்னும் கடற்கரைப் பட்டினத்தின் சரித்திரமே அது.

அங்கே சிஸ்ஸோ என்னும் கம்பனியின் தொழிற்சாலை, 1932ஆம் ஆண்டு முதல் பாதரசத்தின் துணைகொண்டு ஓர் இரசாயனப் பொருளை ஆக்கி வந்தது. அதன் கழிவுநீர் கடலிற் கலந்தது. கடல்நீரிலுள்ள நஞ்சு சிறிதேயாயினும், மீனின் உடலில் அது பன்மடங்காகச் சேரும். அம்மீனை உண்ட பூனைகள் கூத்தாடுவனபோலத் துள்ளி மாண்டன. மீனவர் குடும்பத்தினரோ கைகால் மரத்து, நாக்குழறி, பார்வை குன்றினர். 1956 மே 1ஆம் திகதி, தொழிற்சாலை வைத்தியசாலையின் தலைவரான ஹொசொக்காவா, காரணம் அறியப்படாத நரம்பு நோயொன்று தோன்றியிருப்பதாகச் சுகாதாரப் பகுதியினருக்கு அறிவித்தார்.

நோய்க்குக் காரணம் பாதரசமே என்ற முடிவைக் குமமொட்டோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1959இல் வெளியிட்டனர். கழிவுநீர் விழும் இடத்துச் சேற்றிலே தொன்னுக்கு இரண்டு கிலோகிராம் அளவில் பாதரசம் இருந்தது. நோயாளரின் தலைமயிரிற் பத்திலட்சம் பங்குக்கு 705 பங்கு வரை காணப்பட்டது. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு உடலிற் புகுந்தது என்பதையும் அது காட்டவல்லது. அவ்வாண்டிலேயே ஹொசொக்காவா கழிவுநீரை உணவிற் கலந்து ஒரு பூனைக்கு ஊட்டினார். அதற்கும் அந்நோயே கண்டது. அம்முடிவு மறைக்கப்பட்டது. 1968 வரை ஆலை அவ்வாக்கத்தை நிறுத்தவில்லை.

அதே 1968இல், நுண்ணளவான பாதரசத்தை அளக்கும் முறையொன்றை ஹற்ச், ஒற் என்னும் இருவர் வெளியிட்டனர். மாதிரியை அமிலத்திற் கரைத்து, வெள்ளீய உப்பைச் சேர்த்தால், பாதரசம் உலோகநிலையை அடையும். காற்றைச் செலுத்தினால் அது சூடாக்காமலே ஆவியாய் வெளிவரும். அவ்வாவி ஊதாக்கடந்த ஒளியில் எவ்வளவை உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு பாதரசத்தின் அளவைக் கணிக்கலாம்.

இனி, குழந்தைகளின் கதையைக் கேளுங்கள். மினமாட்டாவிலே மீனையே உண்டறியாத சிசுக்கள் சிலர் கைகால் முறுக்குண்டு பிறந்தனர். தாயின் நஞ்சுக்கொடி எந்நஞ்சையும் தடுத்துவிடும் என்று மருத்துவர் நம்பியிருந்த காலம் அது. குழந்தை கருவிலேயே நஞ்சுண்டது என்பது 1962இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. யப்பானியத் தாய்மார் குழந்தையின் தொப்புட்கொடியை உலர்த்திச் சிறு பேழையில் வைத்துப் போற்றுவர். அவ்வாறு பேணப்பட்ட கொடிகளை நிசிகாக்கி, ஹரடா என்னும் ஆய்வாளர் சோதித்து, 1975இல் முடிவை வெளியிட்டனர். ஆலையின் உற்பத்தி பெருகிய ஆண்டுகளிலே பிறந்தோரின் கொடிகளில் மெதைற் பாதரசமும் பெருகியிருந்தது. பேசமாட்டாத பிள்ளைகளுக்காக, தாய் அன்பினாற் பேணிய கொடி சாட்சி கூறிற்று.

பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் நாடுகள் ஏற்ற உடன்படிக்கை மினமாட்டாவின் பெயரையே தாங்கியுள்ளது. ஆயினும் 1959க்கும் 1968க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளை நாம் மறத்தலாகாது. அன்று குறைவாயிருந்தது அளவுகோலன்று. அது காட்டியதை ஏற்கும் மனமே.