‘மலாயா’ என்னும் போர்க்கப்பல்

அரியலூர்ப் பகுதி கடற்கரை அற்றது. ஆயினும் தமிழரின் கடற்படை வரலாற்றை எழுதப் புகுவார் அதனை விலக்கிச் செல்லுதல் இயலாது. கி.பி. 1025இல் கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்திய முதலாம் இராசேந்திரனின் தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரம் அங்குள்ளது. வென்ற நாட்டின் பெயரால் அவ்வேந்தன் ‘கடாரங்கொண்டான்’ எனப்பட்டான். அக்கடாரம் மலாயாத் தீபகற்பத்தின் கெடா என்பர் அறிஞர். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளின் பின், அத்தீபகற்பத்தின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று ஐரோப்பியக் கடல்களில் உலவியது. அதன் வரலாற்றிலும் இவ்வட்டாரத்திற்குப் பங்குண்டு என்பதனையே நாம் ஈண்டு எடுத்துரைக்க முயல்கின்றோம்.

பேராக், செலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்னும் மலாய்க் கூட்டுநாடுகள் 1912இல் பிரித்தானியக் கடற்படைக்கு ஒரு போர்க்கப்பலை நன்கொடையாக வழங்க முன்வந்தன. அதற்கான செலவு ஏறத்தாழ 30 இலட்சம் பவுன். அந்நாடுகளின் கருவூலத்தை நிரப்பியவை வெள்ளீயமும் ரப்பரும் இருப்புப்பாதையும் அபினும் ஆம். இவற்றுள் ரப்பர்த் தோட்டங்களிலும் இருப்புப்பாதைப் பணியிலும் உழைத்தோருள் தமிழர் மிகப்பலர். கங்காணி முறையில் நாகப்பட்டினம் வழியாக அவ்வாறு ஆள் சென்ற மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளி குறிப்பிடத்தக்கது. இன்று தனி மாவட்டங்களாக விளங்கும் பெரம்பலூரும் அரியலூரும், மானாவாரி நிலம் மிக்க அவ்விரு பகுதிகளும், அக்காலத்தில் அம்மாவட்டத்தின் உறுப்புகளே.

1915 மார்ச்சு 18இல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், 15 அங்குலப் பீரங்கிகள் எட்டினைக் கொண்டது. 1916 மே 31இல் நிகழ்ந்த ஜட்லாந்துப் போரில் எட்டுக் குண்டுகள் அதனைத் தாக்கின. 65 பேர் மாண்டனர். 1922 நவம்பரில், துருக்கியின் இறுதிச் சுல்தானாகிய ஆறாம் மெகமதுவைக் கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து மால்டாவுக்கு ஏற்றிச் சென்றதும் இக்கப்பலே. இந்திய மண்ணில் கிலாபத்துக்காகச் சிறை புகுந்தாரை நினைவார்க்கு இச்செய்தியின் பொருள் நன்கு விளங்கும்.

இரண்டாம் உலகப்போரில், 1941 பிப்பிரவரி 9இல் ஜெனோவா நகரைத் தாக்கிய படையில் அது நின்றது. அடுத்த மாதமே அட்லாண்டிக்கில் செருமானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு, நியூயார்க்கில் செப்பனிடப்பெற்றது. 1941 டிசம்பர் 8இல் சப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். இரு நாள் கழித்துப் ‘பிரின்சு ஆவ் வேல்சு’, ‘ரிப்பல்சு’ என்னும் கப்பல்கள் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கின. அவ்வேளையில் ‘மலாயா’ இருந்ததோ ஜிப்ரால்டரைச் சார்ந்த படைப்பிரிவில். தன் பெயரைத் தந்து பொருளையும் ஈந்த நாட்டைக் காக்க அக்கப்பல் வரவில்லை. தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் சயாம்–பருமா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், மாண்டார் மிகப்பலர்.

1948இல் ஸ்காத்துலாந்தின் பாசுலேனில் கப்பல் உடைக்கப்பட்டது. நன்கொடை ஈந்தோராக வரலாற்றில் நிற்போர் ஆட்சியாளரே. ரப்பர் மரம் சீவிய கைகளுக்கு அங்கு இடமில்லை. கோயிலில் ஒரு விளக்கெரிய ஆடுகள் அளித்தாரையும் பெயர் சுட்டிக் கல்லில் பொறித்த மரபு சோழநாட்டுக்குரியது. அம்மரபினைப் பயிலும் நாம், பெயர் பொறிக்கப்படாத இவ்வுழைப்பாளரையும் நம் கடல் வரலாற்றில் சேர்த்தெழுதுதல் கடனாகும்.