காய்ச்சலில் பிறந்த அளவுகோல்

இலங்கையில் மாட்டுவண்டி கட்டி மடு மாதா கோயிலுக்குப் போன காலத்தில், வன்னிக் காட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு இரண்டு பயம் இருந்தது: பாம்பு, காய்ச்சல். பாம்புக்குக் கோயில் மண் இருந்தது. திரும்பும்போது அதில் ஒரு பிடியை முடிந்துகொண்டு வருபவர்கள் இன்றும் உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து. மனநோய்க்குப் போடும் குளிசை ஒருவர் உடம்பில் எவ்வளவு நிற்கிறது என்று இரத்தத்தை எடுத்து அளந்து சொல்கிறார்களே, அந்த வித்தையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இந்த இரண்டு பயங்களும்தான் வந்து நிற்கின்றன.

பாம்பின் பக்கம் பழையது. 1563இல் கோவாவில் அச்சான தன் நூலில் போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, இலங்கையில் விளையும் பாம்புக்கடி வேரைப் பற்றி எழுதினார். பாம்போடு சண்டை பிடிக்கும் கீரி அதைத் தேடிக் கடித்துக்கொள்ளுமாம். சர்ப்பகந்தா வேருக்கும் நம் நாடுகளில் இதே பேர்தான். தாவரவியலாளர் அதற்கு வைத்த பெயரோ ரவூல்ஃபியா. இந்தியாப் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஒரு ஜேர்மானிய வைத்தியரின் ஞாபகமாக! 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இந்த வேர் சித்தப்பிரமைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கேட்கிறது என்று எழுதினார்கள். மேற்குலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனி அதே வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்துப் போத்தலில் அடைத்த பிறகுதான் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் விழித்துக்கொண்டன.

காய்ச்சலின் பக்கம் ஒரு துணிச்சாயத்தில் தொடங்குகிறது. மெதிலீன் நீலம் என்ற அந்தச் சாயத்தை 1891இல் பெர்லினில் போல் ஏர்லிச் இரண்டு மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்தச் சாயத்தின் கட்டமைப்பை ஆராயப் போய்க் கிடைத்த பொருள் பீனோதயசீன். அது பூச்சி கொல்லவும் ஆடுமாடுகளின் வயிற்றுப் புழு நீக்கவும் பயன்பட்டது. அதன் வாரிசுகளை மலேரியாவுக்கும் முயன்று பார்த்தார்கள், எடுபடவில்லை. ஆனால் 1950 டிசெம்பரில் பிரான்சின் ரோன்-புலாங்க் கம்பனியில் அந்தக் குடும்பத்தில் குளோர்புரோமசீன் பிறந்தது. 1952இல் பாரிஸ் மனநோய் விடுதிகளில் அது செய்த வேலையைப் பார்த்து உலகமே அதன் பின்னால் ஓடியது.

மருந்து வந்தாயிற்று, அளவுகோல் அதற்கு முன்பே வந்து காத்திருந்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது உலகத்தின் கொயினாத் தோட்டங்களில் பெரும்பங்கு கைமாறிப் போயிற்று. பசிபிக் காடுகளில் காய்ச்சலில் விழுந்த அமெரிக்கப் படைக்கு மிஞ்சியது அட்டபிரின். அதுவும் ஜேர்மன்காரர் கண்டுபிடித்து அமெரிக்கர் பிரதி பண்ணிய சரக்கு. தின்றவன் தோல் மஞ்சளாகும், வயிறு குமட்டும், காய்ச்சலோ சில வேளை நிற்கும், சில வேளை நிற்காது. நியூயோர்க் கோல்ட்வாட்டர் ஆஸ்பத்திரியில் ஜேம்ஸ் ஷெனன் தலைமையில் வேலை செய்த பெர்னார்ட் புரோடி வேறு விதமாக யோசித்தார்: எவ்வளவு விழுங்கினான் என்று ஏன் கேட்கவேண்டும், இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் என்ன? அட்டபிரின் ஒளியூட்டினால் மினுங்கும். அந்த மினுக்கத்தை வைத்தே அவரும் சிட்னி உடன்பிரண்டும் 1943இல் இரத்தத்திலும் இழையங்களிலும் அதை அளக்க வழி கண்டார்கள். கண்டது ஒரு திகைப்பு. மருந்தில் பெரும்பகுதி ஈரலிலும் தசையிலும் போய்க் குந்திக்கொள்கிறது. இரத்தத்தில் மிஞ்சுவது சொற்பம். ஆகவே முதலில் ஒரேயடியாகக் கூட்டிக் கொடுத்து உடம்பை நிரப்பு, பிறகு தினமும் கொஞ்சம் போதும் என்றார்கள். படையினரின் காய்ச்சல் கட்டுக்குள் வந்தது.

அந்தக் கூட்டம் பின்னர் வாஷிங்டன் பக்கத்துத் தேசியச் சுகாதார நிறுவனத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ரொபர்ட் போமன் செய்த புதிய ஒளிர்வுமானியில் 1955இல் அவர்கள் பார்த்த முதல் பெரிய சங்கதி, ரெசர்பின் கொடுத்தால் மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் வற்றிப்போகிறது என்பது. பாம்பு வேரும் மலேரியா வித்தையும் சந்தித்த இடம் அது.

இதற்கிடையே விடுதித் தாதியருக்கு இருந்த தலைவலி வேறு: குளிசையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்து, ஆள் நகர்ந்ததும் துப்பிவிடும் நோயாளிகள். அமெரிக்கப் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்த ஃபிரெட், ஐரீன் ஃபொரஸ்ட் தம்பதியர் இதற்கு ஒரு சுருக்கு வழி கண்டார்கள். சிறுநீரில் இரும்புக் குளோரைட்டும் அமிலமும் விட்டால், குளோர்புரோமசீன் உள்ளே போயிருந்தால் நிறம் மாறும். அளவைச் சரியாகச் சொல்லாது. ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்கும்.

துல்லியம் வந்தது இன்னொரு மலேரியாக் கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு. 1946 முதல் இலங்கையில் வீடுவீடாக நுளம்பு கொல்லும் டீடீற்றி அடித்தார்கள். 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் வெறும் 17 பேர். அதே டீடீற்றி அண்டார்க்டிக்காவின் பென்குயின் கொழுப்புவரை போய்ச் சேர்ந்ததைக் காட்டிக்கொடுத்தது, இங்கிலாந்தில் ஜேம்ஸ் லவ்லொக் 1957இல் செய்த உள்ளங்கை அளவுக் கருவி. குளோரின் உள்ள பொருள் என்றால் அதன் மூக்குக்குத் தப்பாது. குளோர்புரோமசீனின் பெயரிலேயே குளோர் இருக்கிறதே! 1968இல் ஸ்டீபன் கறி இந்தக் கருவியால் நோயாளிகளின் இரத்தத்தில் அதை அளந்தார். ஒரே அளவு விழுங்கியவர்களுக்குள் பல மடங்கு வித்தியாசம்.

பிறகும் கேள்வி தீரவில்லை. இரத்தத்தைப் பார்ப்பது, ஆவணித் திருவிழாவுக்கு மடு வீதி ஸ்டேஷனில் நின்று தலை எண்ணுவது மாதிரி. சனம் எல்லாம் காட்டுக்குள் கூடாரம் அடித்துக் கிடக்கும். இந்த மருந்துகள் கொழுப்பிலும் மூளையிலும் ஒதுங்குபவை. கூந்தலின் கருநிறத்தோடும் ஒட்டிக்கொள்ளும். ஹலோபெரிடோல் என்ற இன்னொரு மனநோய் மருந்து நரைமுடியைவிடக் கருமுடியில்தான் கூடுதலாகத் தேங்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் காட்டினார்கள். முடி மாதம் ஒரு சென்ரிமீற்றர் வளரும். வேளாங்கண்ணியில் இறக்கும் ஒரு மொட்டையில் பல மாதக் கணக்கு இருக்கும்! உயிரோடு இருப்பவர் மூளைக்குள்ளேயே எட்டிப்பார்க்க ஸ்ரொக்ஹோமில் லார்ஸ் ஃபார்டே 1980களில் கதிரியக்கப் படமுறையைக் கையாண்டார். டில்லியில் படித்த சிதிஜ் கபூர் 2000இல் ரொறன்ரோவிலிருந்து கணக்கை இன்னும் இறுக்கினார்: ஹலோபெரிடோல் மூளையின் டோபமின் வாங்கிகளில் 65 சதவீதத்தைப் பிடித்தால் குணம் தெரியும், 78ஐத் தாண்டினால் கைகால் விறைக்கும், நடுங்கும்.

  இன்று இந்த வகை மருந்துகளில் இரத்த அளவு அதிகம் கேட்கப்படுவது குளோசபினுக்கு. 1975இல் பின்லாந்தில் வெள்ளை அணுக்கள் அற்றுச் சிலர் இறந்ததால் ஒதுக்கப்பட்டு, 1980களின் இறுதியில் மறுபடி வந்த மருந்து அது. மில்லிலீற்றருக்கு 350 நானோகிராமாவது இருக்கவேண்டும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் அந்த எண்ணுக்குப் பொருள் வருவது கடைசிக் குளிசைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்த இரத்தத்தில்தான். அதோடு புகையிலைப் புகை ஈரலை முடுக்கிவிட்டு மருந்தை வேகமாகக் கரைக்கும். புகைப்பதை நிறுத்தினால் ஒரு கிழமைக்குள் அளவு விர்ரென்று ஏறும், மயக்கமும் வலிப்பும்கூட வரலாம். ஆகவே விடிகாலை பஸ் பிடித்து வந்து கிளினிக் வரிசையில் இருக்கும் மீன்பிடிகாரர் ஒருவருக்கு இரத்தம் எடுக்க ஊசி குத்துமுன் கேட்கவேண்டியவை இரண்டு: “ராத்திரி எத்தினை மணிக்கு ஐயா குளிசை போட்டனீங்கள்? சுருட்டை விட்டிட்டீங்களோ?”