செஃப் சேமிப்புக் கொத்தில் கொள்ளளவு மேலாண்மை

செஃப் என்பது பல வழங்கிகளில் உள்ள வன்தட்டுகளை இணைத்து ஒரே சேமிப்பகமாகப் பயன்படுத்த உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். இத்தகைய ஏற்பாடு பகிர்ந்த சேமிப்புக் கொத்து எனப்படுகிறது. நூறு வன்தட்டுகள் உள்ள கொத்தில் இன்னும் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்பதை வெறும் கூட்டல் கணக்கால் சொல்லிவிட முடியாது. எல்லாவற்றிலும் அதிகமாக நிரம்பியிருக்கும் ஒரு தட்டுதான் அதைத் தீர்மானிக்கிறது. மற்ற தட்டுகளில் இடம் காலியாக இருந்தாலும், அந்த ஒன்று நிரம்பினால் எழுதும் வேலை தடைபடும். செஃப்பின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தச் சிக்கலைச் சுற்றியே நகர்ந்துள்ளது.

அட்டவணை முறை

2003-இல் கூகுள் நிறுவனம் தனது கோப்பு முறைமையை விளக்கும் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டது. அதில் கோப்புகள் 64 மெகாபைட் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக மூன்று நகல்கள். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒரே தலைமை வழங்கியிடம் இருந்தது. புதிய துண்டை, சராசரியைவிடக் குறைவாக நிரம்பிய வழங்கியில் அது வைக்கும். ஆனால் புதிதாகச் சேர்ந்த காலி வழங்கியில் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டாது. புதிய துண்டு உருவானால் உடனே அதில் எழுதும் வேலை குவியும் என்பதால், ஒரே வழங்கிக்கு அடுத்தடுத்துத் துண்டுகள் செல்வதற்கு வரம்பு இருந்தது. யார் எங்கே இருக்கிறார் என்று தெரிந்த ஒருவர் இருப்பதால், கொள்ளளவைச் சமன்செய்வது இம்முறையில் எளிது.

அட்டவணையைக் கைவிட்ட கிரஷ்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த சேஜ் வெய்ல் மாற்றுவழியில் சென்றார். லாரன்ஸ் லிவர்மோர், லாஸ் அலமோஸ், சாண்டியா ஆகிய அமெரிக்க தேசிய ஆய்வகங்களின் நிதியுதவி அந்த ஆய்வுக்கு இருந்தது. 2006-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் செஃப் பற்றியும், அதன் இதயமான கிரஷ் என்ற கணக்கீட்டு முறை பற்றியும் கட்டுரைகளை வெளியிட்டனர். ('செஃப்' என்ற பெயர் தலைக்காலிகள் எனப்படும் கணவாய், எண்காலி இனத்திலிருந்து வந்தது. பதிப்புகளுக்கும் அந்த இனத்தோடு தொடர்புடைய பெயர்களையே அகரவரிசையில் வைக்கிறார்கள்.)

கிரஷ் முறையில் அட்டவணை கிடையாது. தரவுகள் 'இடக்குழுக்கள்' என்ற தொகுதிகளாகப் பிரிக்கப்படும். குழுவின் எண், கொத்தின் வரைபடம், ஒவ்வொரு தட்டின் எடை ஆகியவற்றை வைத்துக்கொண்டு, குழு எந்தத் தட்டுகளுக்குப் போகவேண்டும் என்பதைப் பயனர் கணினியே கணித்துக்கொள்ளும். 8 டெராபைட் தட்டுக்கு 4 டெராபைட் தட்டைப்போல இரு மடங்கு எடை. 100 தட்டுகளோடு இன்னொன்றைச் சேர்த்தால் ஏறத்தாழ 1 விழுக்காடு தரவு மட்டுமே இடம்மாறினால் போதும். நேர்த்தியான வடிவமைப்புதான்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. கிரஷ்ஷின் பங்கீடு சீட்டுக் குலுக்கல் போன்றது. ஒரு தட்டுக்குச் சராசரியாக 100 குழுக்கள் என்றால், சிலவற்றுக்கு 90, சிலவற்றுக்கு 110 என்று விழுவது இயல்பு. சில நூறு தட்டுகள் கொண்ட கொத்தில் ஏதோ ஒன்றுக்கு 127 விழுந்துவிடலாம். கொத்து சராசரியாக 75 விழுக்காடு நிரம்பியிருக்கும்போதே அந்தத் தட்டு 95 விழுக்காட்டைத் தொட்டிருக்கும்.

85, 90, 95

அந்த 95 தான் செஃப்பின் இயல்பிருப்பு எல்லை. 85 விழுக்காட்டில் எச்சரிக்கை வரும். 90-இல் அந்தத் தட்டு, இடம்மாறி வரும் தரவை ஏற்க மறுக்கும். 95-இல் அதைச் சார்ந்த சேமிப்பு முழுவதிலும் எழுதுவது நிறுத்தப்படும். முற்றிலும் நிரம்பிய தட்டால் தன் கணக்குகளைக்கூட எழுதிக்கொள்ள முடியாது என்பதால் இந்தக் கண்டிப்பு தேவைப்படுகிறது.

பழுதைச் சமாளிக்கவும் காலியிடம் வேண்டும். தலா 100 டெராபைட் கொண்ட நான்கு வழங்கிகள் 80 விழுக்காடு நிரம்பியுள்ளன என்று கொள்வோம். ஒன்று செயலிழந்தால், அதிலிருந்த நகல்களை மற்ற மூன்றும் மீண்டும் உருவாக்க வேண்டும். அப்போது ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 107 விழுக்காடு சுமக்க நேரும், அது நடக்காது. 95-ஐத் தாண்டாமலிருக்க, முன்பே 71 விழுக்காட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று நகல் கணக்கையும் சேர்த்தால், 400 டெராபைட் வாங்கியவர் நம்பி வைக்கக்கூடிய தரவு சுமார் 95 டெராபைட் மட்டுமே. புதிதாகக் கொத்து அமைப்பவர்கள் பலர் இந்தக் கணக்கைத் தாமதமாகவே போட்டுப் பார்க்கிறார்கள்.

திரும்பி வந்த அட்டவணை

தொடக்க ஆண்டுகளில் நிர்வாகிகள் நிரம்பிய தட்டின் எடையைக் கையால் குறைத்துவந்தனர். குறைத்ததும் வெளியேறும் தரவு எங்கே போய்ச் சேரும் என்பதும் குலுக்கல்தான். வேறொரு தட்டு நிரம்பலாம். 2017-இல் வந்த லூமினஸ் பதிப்பு 'அப்மேப்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. கிரஷ் கணித்த இடத்தை ஏற்காமல், குறிப்பிட்ட குழு குறிப்பிட்ட தட்டுக்குப் போகட்டும் என்று விதிவிலக்கு எழுதிவைக்கும் சிறு பட்டியல் அது. கைவிடப்பட்ட அட்டவணை வேண்டிய அளவுக்கு மட்டும் திரும்பி வந்தது என்றே கூறலாம்.

இடத்தைக் கணிப்பது பயனர் கணினி என்பதால், அதுவும் இப்பட்டியலைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லினக்ஸ் கருவகத்தில் 4.13 பதிப்பிலிருந்தே இந்த ஆதரவு உண்டு. பழைய கணினிகள் இணைந்திருந்த கொத்துகள் காத்திருக்க நேர்ந்தது. 2021-இல் வெளியான பசிபிக் பதிப்பில் தானியங்கிச் சமன்செய்தல் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. எனினும் அப்மேப் சமன்செய்வது குழுக்களின் எண்ணிக்கையைத்தான், பைட்டுகளை அல்ல. குழுக்களின் அளவு ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டால், எண்ணிக்கை சமமாக இருந்தும் ஒரு தட்டு மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடும்.