வெப்ப வேகக்குறைப்பு (மடிக்கணினி)

மடிக்கணினியின் செயலி குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைப்பது. ஆங்கிலப் பெயர் தெர்மல் த்ராட்லிங். இது பழுதல்ல.

செயலியை அடிப்படை வேகத்திலிருந்து தற்காலிகமாக உச்ச வேகத்துக்கு ஏற்றும் டர்போ பூஸ்ட் முறையை இன்டெல் 2008இல் கொண்டுவந்தது. பெட்டியில் அச்சிடும் வேகம் பெரும்பாலும் இந்த உச்ச வேகமே. 2022இல் வந்த கோர் ஐ7-12700எச் செயலியின் முதன்மைக் கருக்களுக்கு அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.7. அடிப்படை மின்திறன் 45 வாட். உச்சத்தில் 115 வரை ஏறும். சூட்டு வரம்பு 100 டிகிரி செல்சியஸ். விளையாட்டில் வரைகலைச் சில்லும் பல மடிக்கணினிகளில் செயலியின் அதே செப்புக் குழாய்களில் வெப்பத்தைக் கொட்டுவதால், உச்ச வேகம் நெடுநேரம் நிற்பதில்லை. விளம்பரங்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

சுற்றுக்காற்று எத்தனை டிகிரி ஏறுகிறதோ, செயலியின் சூடும் ஏறக்குறைய அத்தனை ஏறும். வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில் விளையாடுபவருக்கு இது புரியும். அங்கே சரக்கு ரயில் நிலையமும் கன்டெய்னர் லாரிகளும் கிளப்பும் தூசு, விசிறிக்குப் பின்னுள்ள மெல்லிய தகடுகளில் கம்பளிபோல் படிந்து காற்றை அடைக்கும். கடற்கரை ஈரத்தில் அது இறுகியும் போகும். (கணினியை மெத்தைமேல் வைத்தால், காற்றை அடைக்கத் தூசே தேவையில்லை.)

தூசை அகற்றி வெப்பப் பசையை மாற்றுவது முதல் வேலை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் செய்து தருவார்கள். விண்டோஸ் மின் அமைப்பில் செயலியின் அதிகபட்ச நிலையை 99 விழுக்காடாக்கினால் பல கணினிகளில் டர்போ நின்றுவிடும். உச்சம் குறையும், வெப்பத்தால் ஆட்டம் திக்கித் திக்கி ஓடுவதும் குறையும்.