நோய் இல்லாத உடலில் மருந்துக்கு அடங்காத கிருமி: யாருக்கு வாய்ப்பு அதிகம்?

போருக்கு முன் மயிலிட்டியில் காசநோய் வைத்தியசாலை இருந்தது. குளிசையை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் என்பது அந்நோயோடு பழகிய மூத்தவர்களுக்குத் தெரியும். இன்று மருத்துவர்களைக் கவலைப்பட வைப்பது குடலில் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள். இவற்றில் சில, பல அன்ரிபயோட்டிக் மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் நொதியங்களைச் சுரக்கின்றன.

குடலில் இருக்கும்வரை இவற்றால் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. சுமப்பவருக்கே தெரியாது. சிறுநீர்ப்பாதையிலோ சத்திரசிகிச்சைக் காயத்திலோ புகுந்தால்தான் சிக்கல். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து அப்போது கேட்காது.

யாரிடம் இவை கூடுதலாக இருக்கின்றன? அண்மைய மாதங்களில் அன்ரிபயோட்டிக் எடுத்தவர்கள் முதலில் வருவார்கள். மருந்து சாதாரண கிருமிகளைக் கொல்ல, எதிர்ப்புள்ளவை அந்த இடத்தில் பெருகும். தடிமனுக்கு வைத்தியரின் துண்டு இல்லாமல் பாமசியில் வாங்கும் நான்கு அமொக்சிசிலினும் இதையே செய்யும், தடிமனையோ மாற்றாது. வைத்தியசாலையில் நாட்கணக்கில் தங்கியவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

போர் விட்டுச்சென்ற காயங்கள் இங்கேதான் கணக்கில் வருகின்றன. செல் துண்டு இருக்கும் இடத்தில் அடிக்கடி சீழ் வடிபவர்களும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சிறுநீர்க் குழாயோடு வாழ்பவர்களும் திரும்பத் திரும்ப அன்ரிபயோட்டிக் எடுக்க நேர்கிறது. நீண்டகாலம் குழாய் வைத்திருப்பவரின் சிறுநீரில் கிருமி இருப்பது வழமை. காய்ச்சல், நடுக்கம் போன்ற அறிகுறி இல்லாவிட்டால் அதற்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. பராமரிப்பவர்கள் குழாயைத் தொடுமுன்பும் பின்பும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவது அவசியம்.

அடுத்தது தண்ணீரும் நெருக்கமும். 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களில் பலர் மல்லாகம், சுன்னாகம் பக்க முகாம்களில் பொதுக் கழிப்பறையோடு இரண்டு தலைமுறை வாழ்ந்தார்கள். அவர்களிடம் போய்ச் சுத்தம் பற்றிப் பாடம் நடத்துவது நியாயமல்ல. 2017 யூலையில் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபின் திரும்பியவர்கள் கிணற்றையும் மலக்குழியையும் எவ்வளவு தள்ளி அமைக்கிறார்கள் என்பது முக்கியம். வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே கழிவு வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போகும். மருந்துக்கு அடங்காத கிருமியும் கொதிநீரில் சாகும்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு செய்தி உண்டு. நெதர்லாந்தில் சுமார் 2,000 பயணிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், தெற்காசியா வந்தவர்களில் ஏறத்தாழ 75 வீதமானோர் இத்தகைய குடல் கிருமியோடு திரும்பினர். பயணத்தில் வயிற்றோட்டம் வந்தவர்களுக்கும் அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது. பெரும்பாலானோரிடம் சில மாதங்களில் கிருமி தானாக மறைந்தது. அதை விரட்டவென்று மருந்து கேட்டு வாங்கக்கூடாது.

சலக்கடுப்போ காய்ச்சலோ வந்து வைத்தியரிடம் போகும்போது, கடந்த ஓராண்டில் எடுத்த அன்ரிபயோட்டிக், வைத்தியசாலையில் தங்கிய நாட்கள், வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றைக் கேட்காமலே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் பழைய குளிசை மட்டையையும் கொண்டுபோங்கள். கிருமி வளர்ப்புச் சோதனைக்குச் சிறுநீர் கேட்டால், முதல் குளிசையை விழுங்குமுன் கொடுத்துவிடுங்கள்.